இருட்டை உருவாக்கியது யார்? ‘தி பிக் காம்போ’வும் சின்ன பட்ஜெட் தாதா படங்களின் ஒளியமைப்பும்

1955ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது ‘தி பிக் காம்போ’. ஒன்றரை மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாக ஓடும் கறுப்பு வெள்ளைப் படம். நகரத்தின் குற்றக் கும்பலைத் தன் கைக்குள் வைத்திருக்கும் மிஸ்டர் பிரவுன் என்பவனைப் பிடித்தே தீருவேன் என்று வெறிகொண்டு அலையும் போலீஸ் லெப்டினன்ட் டயமண்டின் கதை. வெளியிட்ட நிறுவனம் அல்லைட் ஆர்ட்டிஸ்ட்ஸ். மோனோகிராம் என்ற பெயரில் மலிவான கௌபாய் படங்களையும் துப்பறியும் தொடர்படங்களையும் ஆண்டுக்கணக்கில் எடுத்துத் தள்ளிய அதே நிறுவனம்தான் பெயரை மாற்றிக்கொண்டிருந்தது. பெரிய நட்சத்திரம் இல்லை, பிரம்மாண்ட செட் இல்லை. ஆனால் ஃபிலிம் நுவார் எனப்படும் இருண்ட குற்றப்படங்களைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களைப் புரட்டினால், இந்தப் படத்தின் கடைசிக் காட்சியிலிருந்து ஒரு ஃபிரேம் எங்காவது ஓரிடத்தில் நிச்சயம் தென்படும். பனிமூட்டத்துக்குள் முதுகைக் காட்டி நிற்கும் ஓர் ஆண், ஒரு பெண். முகம் தெரியாத இரண்டு கறுப்பு உருவங்கள். அவ்வளவுதான்.

இந்த இருட்டு எங்கிருந்து வந்தது? செலவழிக்கக் காசில்லாததால் வந்ததா? ஹிட்லருக்குத் தப்பி ஹாலிவுட்டுக்கு வந்த கலைஞர்கள் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்ததா? போர்க்காலக் கட்டுப்பாடுகளின் விளைவா? இல்லை, ஒரு தனி மனிதரின் கண்ணும் கையும் செய்த வேலையா? திரைப்பட ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியைப் பல பத்தாண்டுகளாக விவாதித்து வருகிறார்கள். அவர்கள் சொன்ன ஒவ்வொரு பதிலையும் இந்த ஒரு படத்தோடு உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வறுமை இந்த நடைக்கு இடம்கொடுத்தது, ஆனால் அதை உருவாக்கவில்லை. உருவாக்கியவர்கள் தொழில் தெரிந்த மனிதர்கள். அவர்களுக்குச் சேர வேண்டிய பெருமையைப் பற்றாக்குறையின் கணக்கில் வரவு வைப்பது தவறு.

படமும் அதன் ஆட்களும்

இயக்குநர் ஜோசப் ஹெச். லூயிஸ் எடிட்டிங் அறையிலிருந்து வந்தவர். மலிவான கௌபாய் படங்களை இயக்கிய காலத்தில், சாதாரணக் காட்சியையும் அழகாக்க வேண்டும் என்று கேமராவுக்கு முன்னால் வண்டிச் சக்கரத்தை நிறுத்திவைத்து அதன் ஆரங்களுக்கு இடையே ஷாட் வைப்பாராம். அதனாலேயே ‘வேகன் வீல் ஜோ’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1945இல் ‘மை நேம் இஸ் ஜூலியா ராஸ்’, 1950இல் ‘கன் கிரேஸி’ ஆகிய படங்கள் அவரைக் கவனிக்க வைத்தன. ‘தி பிக் காம்போ’வின் கதை, வசனம் ஃபிலிப் யோர்டன். 1945இல் மோனோகிராமுக்காக ‘டில்லிஞ்சர்’ எழுதி ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர். இசை டேவிட் ராக்சின். ஒளிப்பதிவு ஜான் ஆல்டன்.

டயமண்டாக நடித்த கார்னல் வைல்டின் சொந்த நிறுவனமும் தயாரிப்பில் பங்கு எடுத்திருந்தது. பிரவுனின் காதலி சூசனாக நடித்த ஜீன் வாலஸ் அவருடைய மனைவி. பிரவுனாக ரிச்சர்ட் கான்டே. அவனுடைய அடியாட்களாக இரண்டு இளைஞர்கள், ஏர்ல் ஹாலிமன், லீ வான் கிளீஃப். பின்னாளில் ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’யில் உலகமே பார்த்த அந்தக் கூர்மையான கண்கள் வான் கிளீஃபுடையவைதான். பிரவுனுக்குக் கீழே வேலை பார்க்கும் பழைய தாதா மெக்ளூராக பிரையன் டான்லெவி. மெக்ளூருக்குக் காது மந்தம், காதில் ஒரு கருவி மாட்டியிருக்கிறான். இந்தக் கருவியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று காட்சிகள்

படத்தின் தொடக்கத்தில் குத்துச்சண்டை அரங்கத்தின் உள்வழிகளில் சூசன் ஓடுகிறாள். இரண்டு அடியாட்கள் துரத்துகிறார்கள். கூட்டத்தின் இரைச்சல் கேட்கிறது, இங்கே ஆள் நடமாட்டம் இல்லை. நீண்ட நடை, இருபுறமும் இருட்டு, தரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிச்சத் திட்டுகள். வெளிர் உடையில் இருக்கும் அவள் திட்டுக்குள் வரும்போது தெரிகிறாள், தாண்டியதும் மறைகிறாள். பெரிய அரங்கம் ஒன்று கண்ணுக்கு முன்னால் இருப்பதாக நாம் நம்பிவிடுகிறோம். உண்மையில் நமக்குக் காட்டப்பட்டவை ஒரு சுவர், ஒரு தரை, சில விளக்குகள். அவளுக்குத் தப்பிக்க வழியில்லை என்பதை வசனம் வந்து சொல்ல வேண்டியதில்லை. அவள் எங்கே தெரிய வேண்டும், எங்கே மறைய வேண்டும் என்பதை அவள் தீர்மானிப்பதில்லை, இன்னொருவர் தீர்மானிக்கிறார் என்பது முதல் சில நிமிடங்களிலேயே பார்வையாளருக்கு விளங்கிவிடுகிறது.

இரண்டாவது, மெக்ளூர் கொல்லப்படும் காட்சி. முதலாளியைத் தீர்த்துக்கட்டத் திட்டமிட்டவன் மாட்டிக்கொள்கிறான். இரண்டு அடியாட்களும் துப்பாக்கியோடு நிற்கிறார்கள். பிரவுன் அருகில் வந்து, குண்டுச் சத்தம் உன் காதில் விழாமல் செய்கிறேன், இது நான் காட்டும் கருணை என்ற தோரணையில் அவன் காதிலிருந்து கருவியைக் கழற்றுகிறான். அந்த நொடியில் படத்தின் ஒலி முழுவதுமாக அறுந்துபோகிறது. திரையில் இருட்டு. இருட்டின் நடுவில் துப்பாக்கி முனைகள் நம்மை நோக்கி வெடித்து மின்னுகின்றன. சத்தமே இல்லை. சாகிறவன் எதைப் பார்த்தானோ, எதைக் கேட்காமல் போனானோ, அதையே நாமும் பார்க்கிறோம், கேட்காமல் இருக்கிறோம். ரத்தம் இல்லை, விழும் உடல் இல்லை. இந்தக் காட்சியை எடுக்க என்ன செலவாகியிருக்கும் என்று யோசித்தால் வியப்பாக இருக்கும். ஆனால் செலவு குறைந்ததனால் மட்டும் இந்தக் காட்சி பிறந்துவிடவில்லை. முன்பு டயமண்டைக் கட்டிவைத்து, இதே கருவியை அவர் காதில் மாட்டி, ரேடியோவை அதன் மேல் அலறவிட்டுச் சித்திரவதை செய்தானே பிரவுன், அந்தக் காட்சியில் ஒலியே ஆயுதமாக இருந்தது. இங்கே ஒலி இல்லாமையே ஆயுதம். முன்னதைத் திட்டமிட்டு வைத்தவருக்கே பின்னது கைவரும்.

மூன்றாவது, கடைசிக் காட்சி. இரவு, தனியார் விமானத்தளம், பனிமூட்டம். பிரவுன் தப்பிக்கக் காத்திருக்கிறான். சூசன் காரில் பொருத்தியிருக்கும் ஸ்பாட்லைட்டைத் திருப்பி அவன் முகத்தில் அடிக்கிறாள். அவன் எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் வெளிச்சம் பின்தொடர்கிறது. அதுவரை யார் எங்கே எப்படி இருக்க வேண்டும் என்று ஆணையிட்டவன் கண் கூசித் தடுமாறுகிறான். முதல் காட்சியில் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே துரத்தப்பட்டவள், கடைசியில் வெளிச்சத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறாள். ஒளி இந்தப் படத்தில் அலங்காரம் அல்ல, கதையின் ஒரு பாத்திரம். அதன் பிறகே அந்தப் புகழ்பெற்ற ஃபிரேம் வருகிறது. பின்னாலிருந்து வரும் விளக்கு, முன்னால் புகை, நடுவில் இரண்டு நிழலுருவங்கள்.

ஃபிரேமின் வேலைப்பாட்டைச் சற்று விளக்க வேண்டும். வழக்கமான ஹாலிவுட் ஒளியமைப்பில் மூன்று விளக்குகள் அடிப்படை. முகத்துக்கு நேராகக் கீ லைட், அது உண்டாக்கும் நிழலை மென்மையாக்க ஃபில் லைட், ஆளைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்ட பேக் லைட். ஆல்டன் இந்தக் காட்சியில் முதல் இரண்டையும் அணைத்துவிட்டு மூன்றாவதை மட்டும் வைத்துக்கொள்கிறார். புகை இல்லாமல் அப்படிச் செய்தால் கறுப்பின் மேல் கறுப்பு, ஒன்றும் தெரியாது. புகை அந்த வெளிச்சத்தை வாங்கிப் பரப்பி வெள்ளைத் திரைபோல் நிற்கிறது, உருவங்கள் அதன் மேல் வெட்டிவைத்தாற்போல் தெரிகின்றன. புகை கூடினால் எல்லாம் சாம்பலாகிவிடும், குறைந்தால் செட்டின் ஓரம் தெரிந்துவிடும். விளக்கை மிச்சப்படுத்தலாம், இந்த அளவை மிச்சப்படுத்த முடியாது.

ஜெர்மன் வம்சாவளி

ஃபிலிம் நுவார் என்ற பெயரை இந்த வகை அமெரிக்கப் படங்களுக்கு 1946இல் பிரெஞ்சு விமர்சகர் நினோ ஃபிராங்க் பயன்படுத்தினார். ‘தி பிக் காம்போ’ வெளியான அதே 1955இல்தான் ரேமோன் போர்த், எத்தியேன் ஷோமத்தோன் இருவரும் இவ்வகைப் படங்களைப் பற்றிய முதல் முழு நூலைப் பாரிஸில் வெளியிட்டார்கள். அமெரிக்கர்கள் அடுத்தடுத்து அள்ளித் தெளித்த படங்களுக்கு ஒரு பொது நடை இருப்பதைத் தொலைவிலிருந்து பார்த்தவர்களே கண்டுகொண்டார்கள். 1972இல் பால் ஷ்ரேடர் எழுதிய கட்டுரை, ஜெர்மன் எக்ஸ்பிரஷனிசத்தின் தாக்கத்தை இந்த நடையின் முக்கிய ஊற்றுகளில் ஒன்றாக வைத்தது. அதிலிருந்து இது பாடப்புத்தகச் செய்தியாகிவிட்டது.

ஆதாரம் இல்லாமல் இல்லை. ஃபிரிட்ஸ் லாங், ராபர்ட் சியோட்மாக், பில்லி வைல்டர், ஓட்டோ பிரெமிங்கர், எட்கர் உல்மர் ஆகியோர் பெர்லினையும் வியன்னாவையும் கண்டு வந்தவர்கள், எல்லோரும் நுவார் படங்களின் பட்டியலில் இடம்பெறுகிறவர்கள். ஆனால் விளக்கை வைத்தவர்கள் யார் என்று பார்த்தால் படம் மாறுகிறது. வைல்டரின் ‘டபுள் இன்டெம்னிட்டி’க்கு ஒளிப்பதிவு செய்த ஜான் சைட்ஸ் சிகாகோவில் பிறந்தவர். ஆர்கேஓ நிறுவனத்தின் ‘அவுட் ஆஃப் தி பாஸ்ட்’ படத்தை எடுத்த நிகோலஸ் முசுராக்கா இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் தொழில் கற்றவர். பிரெஞ்சு ஆய்வாளர் மார்க் வெர்னே 1993இல் இதைத்தான் அழுத்திச் சொன்னார். இருண்ட ஒளியமைப்பு ஹாலிவுட்டுக்குப் புதிதல்ல, ஜெர்மானியர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே வேரூன்றியிருந்தது என்பது அவர் வாதம். செசில் பி. டெமிலின் ‘தி சீட்’ 1915இல் வந்த படம். அதில் பாதி முகத்தை இருட்டில் விட்ட காட்சிகள் அப்போதே பேசப்பட்டவை.

நம் படத்தை இந்த வாதத்தின் முன் வைத்தால் என்ன கிடைக்கிறது? லூயிஸ் அமெரிக்காவிலேயே பிறந்து அங்கேயே தொழில் கற்றவர். ஆல்டன் ஹங்கேரியில் பிறந்தவர்தான், ஆனால் இளம் வயதிலேயே அமெரிக்கா வந்து எம்ஜிஎம்மின் லேபில் வேலை தொடங்கியவர். ஜெர்மன் எக்ஸ்பிரஷனிசப் படங்களை எடுத்த கூட்டத்தில் இருந்தவர் அல்லர். ஜெர்மன் படங்களை இவர்கள் பார்த்திருப்பார்கள், பிடித்தும் இருக்கலாம். அது பொதுவான காற்று. இந்தக் குறிப்பிட்ட இருட்டுக்கு நேரடி வம்சாவளி பெர்லினில் இல்லை.

பணமும் போரும்

பொருளாதார விளக்கம் இதைவிட வலுவானது. 1979இல் பால் கெர் எழுதிய கட்டுரை இதன் அடித்தளம். அன்றைய அமெரிக்கத் திரையரங்குகளில் ஒரே டிக்கெட்டில் இரண்டு படங்கள் ஓடின. முதல் படத்துக்கு வசூலில் பங்கு, இரண்டாவது படமான பி படத்துக்கு நிலையான வாடகை. பி படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வருமானம் கூடாது. லாபம் வேண்டுமென்றால் செலவைக் குறைப்பதைத் தவிர வழியில்லை. குறைந்த நாட்கள், பழைய செட், மற்ற படங்களிலிருந்து எடுத்த துண்டுகள். ‘டில்லிஞ்சர்’ படத்தின் கொள்ளைக் காட்சிக்கு லாங்கின் 1937ஆம் ஆண்டுப் படமான ‘யூ ஒன்லி லிவ் ஒன்ஸ்’ஸிலிருந்து காட்சிகளை எடுத்து ஒட்டிக்கொண்டார்கள். செட்டின் ஏழ்மையை மறைக்க இருட்டு உதவியது, பெரும் நிறுவனப் படங்களிலிருந்து வேறுபட்டுத் தெரியவும் உதவியது என்பது கெரின் வாதம்.

போர்க்காலம் இதற்குத் தோள்கொடுத்தது. 1942இல் அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம் ஒரு படத்தின் செட்டுக்குப் புதுப் பொருட்கள் வாங்க 5000 டாலர் என்று வரம்பு போட்டது. ‘பிளாக்அவுட்’ என்ற நூலில் ஷெரி சினென் பீசன் இந்தப் பின்னணியை விரிவாக எடுத்துக்காட்டுகிறார். கலிஃபோர்னியாக் கடற்கரையில் விளக்கணைப்பு, பொருள் தட்டுப்பாடு, ஆள் தட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து பெரிய நிறுவனங்களையும் இருட்டை நோக்கித் தள்ளின என்பது அவர் முடிவு.

இவை உண்மை. ஆனாலும் கேள்வி தீரவில்லை. வறுமைதான் காரணம் என்றால் வறுமை இருந்த இடமெல்லாம் இந்த நடை இருந்திருக்க வேண்டும். மோனோகிராம், பிஆர்சி போன்ற சிறு நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் எடுத்த நகைச்சுவைப் படங்களும் கௌபாய் படங்களும் பெரும்பாலும் தட்டையான வெளிச்சத்தில் எடுக்கப்பட்டவை. எல்லா மூலையிலும் ஒரே சீராக விளக்கைப் போட்டு, ஒரே இடத்தில் கேமராவை நிறுத்தி, வசனத்தை முடித்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போவதே மிகச் சிக்கனமான வழி.

இதற்கு இன்னும் கூர்மையான சான்று ‘டிராக்நெட்’. ஆல்டன் ஒளிப்பதிவு செய்த ‘ஹி வாக்ட் பை நைட்’ 1948இல் வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸின் மழைநீர்ச் சுரங்கங்களில் கொலைகாரனை டார்ச் வெளிச்சத்தில் துரத்தும் அதன் இறுதிக்காட்சி, சுரங்கத் துரத்தலுக்குப் பெயர்போன ‘தி தேர்ட் மேன்’ படத்துக்கு முந்தையது. அந்தப் படத்தில் சிறு வேடத்தில் நடித்த ஜாக் வெப், அங்கே கிடைத்த தூண்டுதலில் ‘டிராக்நெட்’ தொடரை முதலில் வானொலியிலும் 1951 முதல் தொலைக்காட்சியிலும் நடத்தினார். அதே நகரம், அதே போலீஸ், அதே குற்றம், கையில் அதைவிடக் குறைந்த காசு. ஆனால் அந்தத் தொலைக்காட்சித் தொடர் வெளிச்சமான அறைகளும் முகத்தை நெருங்கிய க்ளோஸப்களுமாகவே ஓடியது. ஏழ்மை இரண்டுக்கும் பொது, இருட்டு ஒன்றில் மட்டும் இருக்கிறது.

மறுபக்கமும் இதையே சொல்கிறது. ‘சிட்டிசன் கேன்’, ‘டபுள் இன்டெம்னிட்டி’ எல்லாம் பெரிய நிறுவனங்கள் தாராளமாகச் செலவழித்த படங்கள், அவையும் இருண்டவை. 1998இல் வெளியான ‘மோர் தேன் நைட்’ நூலில் ஜேம்ஸ் நேர்மோர், இன்று நுவார் என்று கொண்டாடப்படும் படங்களில் பல பி படங்களே அல்ல என்று சுட்டிக்காட்டுகிறார். வறுமைக் கதைகள் காலப்போக்கில் ஊதிப் பெரிதாக்கப்பட்டும் இருக்கின்றன. உல்மரின் ‘டீடூர்’ ஆறே நாட்களில், சில்லறைக் காசில் எடுக்கப்பட்டது என்று அவரே சொல்லி அது பரவிவிட்டது. ஆவணங்களைத் தேடிய நோவா ஐசன்பெர்க், படப்பிடிப்பு அதைவிட நீண்டது, செலவும் 1 லட்சம் டாலரைத் தாண்டியது என்று எடுத்துக்காட்டினார்.

‘தி பிக் காம்போ’வோ போர் முடிந்து 10 ஆண்டுகள் கழித்து வந்த படம். செட் பொருட்களுக்கு வரம்பு இல்லை. 1948இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பெரும் நிறுவனங்களுக்குத் திரையரங்குகள் மேல் இருந்த பிடியை அறுத்த பின், பி படச் சந்தையே ஆட்டம்கண்டிருந்தது. ஹாலிவுட் வண்ணத்துக்கும் அகலத்திரைக்கும் ஓடிக்கொண்டிருந்த வேளை. அந்த நேரத்தில் கறுப்பு வெள்ளையின் எல்லையை இவ்வளவு தூரம் இழுத்துப் பார்த்தது சிக்கனத்தால் மட்டும் விளங்காது.

தணிக்கையும் கருவியும்

இரண்டு சிறு காரணங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதலாவது தணிக்கை. ஹாலிவுட்டின் தயாரிப்பு விதித்தொகுப்பு கொடூரத்தையும் காமத்தையும் நேரடியாகக் காட்ட விடவில்லை. மெக்ளூரின் மரணம் மின்னல்களாகக் காட்டப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். சூசனை முத்தமிடும் பிரவுன் கழுத்தருகே தொடங்கி மெல்லக் கீழிறங்கி ஃபிரேமைவிட்டு மறைந்துவிட, கேமரா அவள் முகத்திலேயே நிலைகொள்ளும் காட்சி அந்நாளில் துணிச்சலானது. காட்டியது ஒரு பெண்ணின் முகம் மட்டும், புரிந்துகொள்வது பார்வையாளரின் பொறுப்பு. தடை இருக்கிறது என்றதும் கைகட்டி நிற்பவர்களும் உண்டு, தடையைச் சுற்றி வழி கண்டவர்களும் உண்டு. லூயிஸ் இரண்டாம் வகை.

இரண்டாவது கருவிகள். 1938 வாக்கில் வேகமான ஃபிலிம் வந்தது, பூச்சு ஏற்றிய லென்ஸ்கள் வந்தன, சிறிய விளக்குகள் வந்தன. குறைந்த வெளிச்சத்தில் எடுக்க முடிந்தது. ஆனால் இவை எல்லோர் கைக்கும் கிடைத்தவை. எல்லோரும் இப்படி எடுக்கவில்லை.

ஆல்டனின் கை

மிஞ்சுவது ஆட்கள். ஜான் ஆல்டன் 1901இல் இன்றைய ஹங்கேரியில் இருக்கும் ஷோப்ரான் நகரில் பிறந்தார். எம்ஜிஎம்மில் லேப் வேலை, பாரிஸில் பாரமவுண்டின் ஸ்டூடியோவில் கேமராப் பிரிவு, 1930களில் பல ஆண்டுகள் அர்ஜென்டினாவில் படங்கள் என்று சுற்றிவிட்டு ஹாலிவுட் திரும்பினார். ரிபப்ளிக் போன்ற சிறு நிறுவனங்களில் பெயர் சொல்லாத படங்கள் பலவற்றை எடுத்தார். 1947இல் இயக்குநர் அந்தோனி மான் எடுத்த ‘டி-மென்’ அவரை ஊருக்குக் காட்டியது. அடுத்த ஆண்டு ‘ரா டீல்’.

1949இல் ‘பெயிண்டிங் வித் லைட்’ என்ற நூலை ஆல்டன் வெளியிட்டார். ஹாலிவுட்டில் பணியாற்றிக்கொண்டிருந்த ஒளிப்பதிவாளர் ஒருவர் தன் தொழிலை எழுத்தில் விளக்கிய ஆரம்பகால நூல்களில் ஒன்று. அதில் மர்மக் காட்சி ஒளியமைப்புக்கென்றே தனி அத்தியாயம் உண்டு. கடந்துபோகும் காரின் ஹெட்லைட், மெழுகுவர்த்தி, தீக்குச்சி, மின்னல் என்று வாழ்க்கையில் வெளிச்சம் எங்கிருந்தெல்லாம் வருகிறது, அது முகத்தில் எப்படி விழுகிறது என்பதை அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிறார். குற்றவாளியின் முகத்துக்குக் கீழிருந்து அடிக்கும் விளக்குக்கு, பழைய கதைகளில் வரும் பெட்டகத் திருடன் ஒருவனின் பெயரால் ‘ஜிம்மி வாலன்டைன்’ ஒளி என்று தொழிலில் வழங்கிய பெயரையும் பதிவுசெய்கிறார். இருட்டைத் தேர்ந்து, வகைபிரித்து, பெயரிட்டுப் பயன்படுத்திய ஒருவர் எழுதிய நூல் அது. காசில்லாமல் விளக்கை அணைத்தவர் இப்படி எழுதமாட்டார்.

அவருடைய முறை செலவைக் குறைத்தது என்பதும் உண்மை. மேலே பரண் கட்டி வரிசையாக விளக்குகளைத் தொங்கவிடாமல், தரையில் சில விளக்குகளை வைத்து வேகமாக வேலையை முடிப்பவர் என்று பெயரெடுத்தவர். தயாரிப்பாளர்களுக்கு அது பிடித்தது, விளக்குப் பிரிவின் ஆட்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. வேகமும் சிக்கனமும் அவருடைய பார்வையின் விளைவுகள். அந்த வரிசையை மாற்றிப் போட்டு, சிக்கனத்திலிருந்து பார்வை பிறந்தது என்று எழுதுவதுதான் பிழை.

இதைச் சோதித்துப் பார்க்க ஆல்டனின் வாழ்க்கையே வாய்ப்பளிக்கிறது. 1951இல் எம்ஜிஎம் பணத்தை வாரி இறைத்த ‘ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்’ படத்தின் இறுதி பாலே காட்சியை ஆல்டன் வண்ணத்தில் எடுத்தார். படத்தின் மற்ற பகுதிகளை எடுத்த ஆல்ஃபிரெட் கில்க்ஸோடு ஆஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டார். அங்கேயும் நிழலுருவங்கள் உண்டு, புகை உண்டு, பின்னாலிருந்து பாயும் ஒளி உண்டு. 1956இல் ஆலன் டுவானின் ‘ஸ்லைட்லி ஸ்கார்லெட்’ என்ற குற்றப்படத்தை வண்ணத்தில், அகலத்திரையில் எடுத்தபோதும் பளிச்சென்ற நிறங்களுக்கு நடுவே கன்னங்கரிய நிழல்களை நிறுத்தினார். பட்ஜெட் மாறியது, நிறம் மாறியது, நிறுவனம் மாறியது. கை மாறவில்லை.

லூயிஸின் பங்கு

அப்படியானால் எல்லாம் ஆல்டன்தானா? இல்லை. ஆல்டன் நிறையப் படங்களுக்கு விளக்கு வைத்தார், அவற்றில் பல நினைவில் நிற்பதில்லை. மான், லூயிஸ் போன்ற இயக்குநர்கள் கிடைத்த இடத்தில்தான் அவர் ஒளி கதையோடு ஒட்டியது. லூயிஸுக்கு நீண்ட ஷாட்டில் நம்பிக்கை உண்டு. ‘கன் கிரேஸி’யில் வங்கிக் கொள்ளையை ஒரே ஷாட்டில், காரின் பின்னிருக்கையிலிருந்து எடுத்தவர் அவர். கேமரா வங்கிக்குள் போகவே இல்லை. கார் ஊருக்குள் வருகிறது, அவன் இறங்கிப் போகிறான், அவள் வெளியே போலீஸ்காரரிடம் பேச்சுக்கொடுத்துக் காத்திருக்கிறாள், அவன் ஓடிவருகிறான், கார் பறக்கிறது. அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் ரஸல் ஹார்லன். நடை வேறு, நிறையப் பகல் வெளிச்சம். இயக்குநர் அதே ஆள், பட்ஜெட்டும் ஏறக்குறைய அதே தரம், இருட்டு மட்டும் இந்த அளவுக்கு இல்லை. ஆனால் காட்டாமல் காட்டும் துணிவு இரண்டு படங்களிலும் ஒன்றே.

அந்தத் துணிவு லூயிஸுடையது, அதற்கு உடல் கொடுத்த ஒளி ஆல்டனுடையது. மெக்ளூரின் காதுக்கருவி ஒரு கதைக்கருத்து, சத்தத்தை அறுத்தது இயக்கம், அந்த மின்னல்களை இருட்டில் நிறுத்தியது ஒளிப்பதிவு. மூன்றும் ஒரு இடத்தில் சந்தித்ததால் அந்தக் காட்சி நிற்கிறது. படம் முழுவதும் அந்த உயரத்தில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். போலீஸ் அலுவலகக் காட்சிகளில் சில சாதாரணமானவை, டயமண்டின் வசனங்களில் சில கனமானவை. ஒளியமைப்பு இருட்டை மட்டுமே நம்பியது என்று எண்ணுவதும் சரியல்ல. ‘ஹாலிவுட் லைட்டிங்’ நூலில் பேட்ரிக் கீட்டிங் விளக்குவதுபோல, அக்கால ஒளிப்பதிவாளர்கள் முகத்தின் அழகு, இடத்தின் இயல்பு, கதையின் மனநிலை ஆகிய பல கடமைகளைச் சமன்செய்துகொண்டே போனார்கள். சூசனின் முகம் தேவையான இடத்தில் நட்சத்திரத்துக்குரிய மென்மையோடு ஒளிர்வதைக் கவனித்தால் இது விளங்கும்.

தீர்ப்பு

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் இப்படித் தொகுக்கலாம். ஜெர்மன் மரபு பொதுச் சூழலைத் தந்தது, இந்தப் படத்துக்கு நேரடிக் காரணம் ஆகவில்லை. போர்க்காலம் இருட்டைப் பழக்கமாக்கியது, ஆனால் 1955 வரை அதைச் சுமந்துவந்தது போர் அல்ல. சிறு நிறுவனங்களின் பொருளாதாரம் இரண்டு நன்மைகளைச் செய்தது. குறைவாகக் காட்டுவதற்குக் காரணம் கொடுத்தது, மேலிருந்து குறுக்கிடும் ஆட்களின் எண்ணிக்கையையும் குறைத்தது. பெரிய நிறுவனத்தில் கதாநாயகியின் முகம் தெரியாத கடைசி ஷாட்டை அனுமதித்திருப்பார்களா என்பது சந்தேகமே. அந்தச் சுதந்திரத்தை என்ன செய்வது என்று தெரிந்திருந்தது லூயிஸுக்கும் ஆல்டனுக்கும். காரணத்துக்கும் வாய்ப்புக்கும் உள்ள இந்த வேறுபாடுதான் இத்தனை ஆண்டு விவாதத்தில் திரும்பத் திரும்பக் குழம்பிப்போகிறது.

இது பழங்கதை அல்ல. 1960இல் கோதார் தன் முதல் முழுநீளப் படமான ‘பிரெத்லெஸ்’ஸை மோனோகிராம் நிறுவனத்துக்குச் சமர்ப்பித்தார். சின்ன பட்ஜெட் என்பது இழிவல்ல, வேறு வகைச் சினிமாவுக்கான வழி என்று அவர் தலைமுறை புரிந்துகொண்டதன் அடையாளம் அது. அந்த மரியாதை இன்று சில இடங்களில் வேறுமாதிரி திரிந்திருக்கிறது. காசில்லை, அதனால் இருட்டில் எடுத்தோம், அதுவே ஸ்டைல் என்ற பேச்சைக் கேட்கிறோம். விளக்கை அணைத்துவிட்டால் நுவார் ஆகிவிடாது. எரியவிட்ட அந்த ஒரு விளக்கு எங்கே, எந்தக் கோணத்தில், யாருக்காக எரிகிறது என்பதற்குப் பதில் இருந்தால்தான் சுற்றியுள்ள இருட்டுக்குப் பொருள் உண்டு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ‘தி பிக் காம்போ’ அமெரிக்காவில் பொதுவுடைமையாகிவிட்ட படம். அதனாலேயே நகலின் நகலாக எடுத்த மோசமான பிரதிகள் ஏராளமாகச் சுற்றுகின்றன. அவற்றில் சாம்பல் நிறத்தின் படிநிலைகள் அழிந்து எல்லாம் ஒரே கறுப்பாகத் தெரியும். அதைப் பார்ப்பவர்களுக்கு, காசில்லாதவர்கள் விளக்குப் போடாமல் எடுத்த படம் என்றே தோன்றும். நல்ல ப்ளூரே பிரதிகள் வந்திருக்கின்றன. தேடிப் பிடித்து, அறையின் விளக்குகளை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒளிப்பதிவு படிக்கும் மாணவர்கள் மெக்ளூரின் மரணத்தையும் விமானத்தளக் காட்சியையும் திரும்பத் திரும்ப ஓட்டி, ஒவ்வொரு ஷாட்டிலும் விளக்கு எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து பார்க்க வேண்டும். வரைந்து முடித்த பிறகு, இது வறுமையின் வேலையா, கைத்திறனின் வேலையா என்று அவர்களே சொல்லட்டும்.